நிரல்

கிளிநொச்சி நெல் கூட்டுறவுச் சங்கத்தின் சேர்வர்
பழைய உரக் களஞ்சியத்தின் பின்னறையில் இருக்கிறது.
யூரியா மணம் இன்னும் போகவில்லை.
நான் இருப்பது கனகபுரத்தில்,
நுளம்பு வலைக்குள்,
மடிக்கணினியின் நீல வெளிச்சத்தில்.

இரவு பதினொன்றரைக்குத்தான் வேலை.
அறுவடைக் காலம். பகல் முழுக்கப்
பதினேழு கிளைகளும் மூட்டை எண்ணும்.

நாற்பத்தொரு வரி ஸ்கிரிப்ற்.
கையால் திரை திரையாய்த் திறந்து
பெட்டி பெட்டியாய்ச் சரி போட்டால் விடிந்துவிடும்;
ஏதோ ஒரு கிளையில் ஒன்று தப்பும்.
ஸ்கிரிப்ற் எதையும் தப்பவிடாது.
பிழையையும்தான்:
ஒருக்கால் எழுதிய பிழையைப்
பதினேழு இடத்திலும்
ஒரே நேர்த்தியாய்ச் செய்து முடிக்கும்.

முதல் வரி: பாதுகாப்பு, ஆம்.
இதுவரை ‘இல்லை’ என்றே கிடந்தது.
ஆரும் வரலாம், ஆரும் போகலாம்.
பூநகரிக் கிளையில் ஒரு பொடியன்
தன் மாமனின் நெல்லுக்கு மட்டும்
கிலோவுக்கு இரண்டு ரூபா கூட்டிப் போட்டது அப்படித்தான்.

பிறகு ஆருக்கு என்ன உரிமை.
பார்க்கலாம், தொடக்கூடாது: எழுதுநர்கள்.
நிறுத்தலாம், தொடக்கலாம், மாற்றக்கூடாது: திலகநாதன்.
எல்லாம் செய்யலாம்:
அங்கே என் பெயர், கஜவதனி.
தட்டும்போது கொஞ்சம் கூச்சமாய் இருந்தது.

கடைசி வரி, சேமி.
அதைச் சொல்லும்வரை எல்லாம் ஈர நெல்.
களஞ்சியம் ஏற்காது.
சொன்னேன்.
சேர்வர் விழுந்து எழும்பியது.

பெயர் கேட்டது, கொடுத்தேன்.
கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன்.
உன்னைத் தெரியும் என்றது,
அனுமதி இல்லை என்றது.

இருபத்தெட்டாம் வரி.
என் பெயரின் நடுவில் ஓர் எழுத்துக் குறைவு.
பதினேழு கிளைக்கும் முழு அதிகாரி
பிறக்காத ஒருத்தி.

நிறுத்தப் பார்த்தேன்.
நிறுத்துவதற்கும் அனுமதி கேட்டது.
திலகநாதன் முல்லைத்தீவில், கலியாண வீட்டில்.
மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

ஒரு வழி இருக்கிறது.
சேர்வரின் முன்னால் போய் இருந்து
அதனோடு பேசாமல்,
நேரே கோப்புகளின் மேல் ஸ்கிரிப்ற்றை ஓட்டலாம்.
அந்தக் கதவு கடவுச்சொல் கேட்பதில்லை.
அறைக்குள் நிற்கிற எவரும்
‘ஆம்’ என்பதை ‘இல்லை’ ஆக்கலாம்.
ஆக, என் நாற்பத்தொரு வரிக்கும் காவல்
ஒரு ஆமைப்பூட்டு.

ஸ்கூட்டி ஏ-ஒன்பதில் ஏறியதும்
கை தானாகப் பையைத் தடவியது.
ஓமந்தையில், பதின்மூன்று வயதில்,
அப்பாவின் பாஸைக் கசங்காமல் பிடித்து நின்ற கை.
அடையாள அட்டை
வீட்டில், மேசையில்.

காவலாளி புதிது. அனுசாந்.
சேர்ந்து நாலு நாள்.
ரோச் லைற்றை என் முகத்தில் அடித்துவிட்டு
நிலத்துக்குத் தாழ்த்தினான்.
“ஐசி?”
“வீட்டில.”
“அப்ப ஏலாது அக்கா.”
“அக்கா எண்டுறீர், என்னைத் தெரியும்தானே?”
“தெரியும். ஆனா ஏலாது.”

கோபம் வரவேண்டிய இடம்.
சிரிப்புத்தான் வந்தது.
இப்படி ஒன்றைத்தானே
மாலை முழுக்க எழுதிக்கொண்டிருந்தேன்.

செயலாளரை எழுப்பினான்.
அவர் தும்மி, ஏசி, குரல் கேட்டு,
சரி என்று சொல்ல இருபது நிமிடம்.
தெருநாய் ஒன்று எங்கள் இருவரையும்
சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

திறப்பைக் கையில் வைத்தபடி
கொப்பியை நீட்டினான்.
திகதி ஒரு நிரல், நேரம் ஒரு நிரல்,
பெயர், காரணம்.
எனக்கு முன்னால் வந்தவர்கள்
காரண நிரலில் எழுதியிருந்தார்கள்:
உரம். லைற் மாத்த. பாம்பு.

பெயரை எழுத்து எழுத்தாய் எண்ணி எழுதினேன்.
பக்கத்து நிரலில்
‘ஓர் எழுத்து’ என்று போட்டேன்.

வெளிச்சம் பிடித்து வாசித்தான்.
முகத்தில் ஒன்றும் ஓடவில்லை.
“நேரம் போடேல்லை அக்கா.”